ஏப்ரலில் முடிந்த லீக், ஜூலையில் கிடைத்த சாம்பியன்

2025 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீரும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸும் மோதின. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுக்கும் டெம்போவுக்கும் ஆட்டம். மேற்கு வங்கத்தின் கல்யாணி நகரில் இன்டர் காசியும் ராஜஸ்தான் யுனைடெட்டும். இந்தியக் கால்பந்தின் இரண்டாம் தர தேசிய லீகான ஐ-லீகில் அதுதான் கடைசி நாள். சர்ச்சிலிடம் 39 புள்ளி, கோகுலத்திடம் 37, ரியல் காஷ்மீரிடமும் இன்டர் காசியிடமும் தலா 36. ஒவ்வொரு அணியும் 21 ஆட்டம் ஆடி முடித்த பிறகும் நான்கு அணிகளுக்குக் கோப்பை ஆசை மிச்சமிருந்தது. ஒரு லீக்கை நடத்துகிறவர்கள் இதைவிட நல்ல கடைசி நாளைக் கேட்டு வாங்க முடியாது.

கோழிக்கோட்டில்தான் அமர்க்களம். கோகுலத்தின் லெசோத்தோ நாட்டு முன்கள வீரர் தபிசோ பிரவுன் முதல் கால் மணி நேரத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார். கேலரி துள்ளியது. ஆனால் டெம்போ பட்டியலில் எந்த ஆசையும் இல்லாமல் வந்த அணி. ஆசை இல்லாத அணிக்குப் பயமும் இருக்காது. ஒன்று, இரண்டு என்று திருப்பிக் கொடுத்து, 3-2 என்று முன்னேயும் போனது. பிரவுன் மூன்றாவது கோலைப் போட்டு 3-3 ஆக்கினார். கடைசியில், காயத்துக்கென்று சேர்த்துத் தரும் நிமிடங்களில் டெம்போ நான்காவது கோலை அடித்தது. ஹாட்ரிக் போட்டவர் தோற்ற பக்கத்தில் நின்றார்.

ஸ்ரீநகரில் 1-1. கல்யாணியில் இன்டர் காசி 3-1 என்று ஜெயித்தது. கூட்டிப் பார்த்தால் சர்ச்சில் 40, காசி 39. எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கே கோப்பையைத் தூக்கிக் கொடுத்து, படம் எடுத்து, ஊர்வலம் போயிருப்பார்கள். இங்கே யாரும் சாம்பியன் என்று அறிவிக்கப்படவில்லை. அந்தப் பெயர் உறுதியாவதற்கு ஜூலை 18 வரை, 103 நாள் ஆனது. உறுதியானபோது அது சர்ச்சில் பிரதர்ஸின் பெயராகவும் இல்லை.

எப்படி இப்படி ஆனது என்று புரிந்துகொள்ள, ஐ-லீக் என்பது 2025இல் என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1996இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக், 2007இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. அப்போது அதுதான் நாட்டின் முதல் தர லீக். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் பெரிய வீடுகளும், டெம்போ, சர்ச்சில், சல்கோக்கர் என்று கோவாவின் கிளப்புகளும் ஆடின. முதல் ஆறு ஐ-லீகில் டெம்போ மூன்று முறை, சர்ச்சில் இரண்டு முறை, சல்கோக்கர் ஒரு முறை ஜெயித்தன. ஆறுமே கோவாவுக்குப் போயின. இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்ப யோசிப்பார்கள்.

2014இல் ஐ.எஸ்.எல். எனப்படும் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள் முதலாளிகளாக அமர்ந்த அணிகள், ஓய்வுபெறும் வயதில் வந்திறங்கிய ஐரோப்பிய நட்சத்திரங்கள், பளபளப்பான ஒளிபரப்பு. கிரிக்கெட்டின் ஐ.பி.எல். மாதிரியே உரிமக் கட்டணம் கட்டினால் உள்ளே இடம். சில ஆண்டுகள் இரண்டு லீக்கும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. எது பெரியது என்ற சண்டை முற்றியதும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தலையிட்டு, 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஒரு திட்ட வரைவைக் கொடுத்தது. அதன்படி ஐ.எஸ்.எல். மேலே, ஐ-லீக் கீழே. பதிலுக்கு, 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் நுழைவுக் கட்டணம் இல்லாமலே ஐ.எஸ்.எல்லுக்கு ஏறலாம். 2024-25 முதல் மேலிருந்து கீழே இறங்குவதும் முழுமையாக நடக்க வேண்டும் என்றும் அந்த வரைவில் இருந்தது.

ஏறுவது நடந்தது. 2022-23இல் பஞ்சாப் அணி ஏறியது. 2023-24இல் 1891இல் பிறந்த கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. இறங்குவதுதான் நடக்கவில்லை. முகமதன் தன் முதல் ஐ.எஸ்.எல். சீசனில் கடைசி இடத்தில் முடித்தது; இருந்த இடத்திலேயே இருந்தது.

உலகத்தில் மற்ற இடங்களில் இரண்டாம் தர லீக் இப்படி இல்லை. இங்கிலாந்தில் இரண்டாம் தரத்துக்கு சாம்பியன்ஷிப் என்று பெயர். 24 அணிகள் ஆடுகின்றன. ஆண்டுக்கு மூன்று மேலே போகின்றன, மேலிருந்து மூன்று கீழே வருகின்றன. 2014இல் அங்கிருந்து ஏறிய லெஸ்டர் சிட்டி இரண்டே ஆண்டில் பிரீமியர் லீக் கோப்பையையே வென்றது. 2014 வரை ஐந்தாம் தரத்தில் கிடந்த லூட்டன் டவுன் 2023இல் உச்ச லீகுக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு வாசல் அடைத்தாலும் இன்னொன்று திறந்திருக்கும். ஐ-லீகில் அப்போது ஆண்டுக்கு ஒரே ஒரு இடம். இரண்டாவதாக வந்தால் கைதட்டல் மட்டும். ஒரு புள்ளிக்காகக் கிளப்புகள் சுவிட்சர்லாந்து வரை வழக்குக்குப் போனதன் அடிப்படை இந்த ஒற்றை இடம்தான். பிடிவாதம், பழைய பகை எல்லாம் அதற்கு அப்புறம்.

2024 நவம்பர் 22 அன்று தொடங்கிய அந்த சீசனில் 12 அணிகள். வீட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஒவ்வொரு எதிரணியோடும் இரண்டு முறை ஆட வேண்டும். மொத்தம் 132 ஆட்டங்கள். எந்தெந்த ஊர் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் இந்த லீகின் சுவாரசியமும் கஷ்டமும் ஒன்றாகத் தெரியும்.

வடக்கே ஸ்ரீநகர். 2014 வெள்ளத்துக்குப் பிறகு, வேலையும் பொழுதுபோக்கும் இல்லாமல் இருந்த பிள்ளைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்ததில் தொடங்கிய முயற்சி, 2016இல் ரியல் காஷ்மீர் என்ற கிளப்பாக ஆனது. அவர்கள் ஆடுவது ஊர் நடுவே டி.ஆர்.சி. மைதானத்தின் செயற்கைப் புல்லில். குளிர்காலத்தில் பனி பெய்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஆட வேண்டும். வடகிழக்கில் ஷில்லாங் லாஜோங், அதற்கும் அப்பால் மிசோரம் மலைகளில் ஐஸ்வால். 2017இல் இந்த ஐஸ்வால் மோகன் பகானையும் பெங்களூருவையும் ஈஸ்ட் பெங்காலையும் தாண்டி ஐ-லீகையே வென்றது. அந்த அணிக்கு அன்று பயிற்சியாளராக இருந்த காலித் ஜமீல், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் பயிற்சியாளரானார்.

பஞ்சாபில் பைணி சாஹிப் என்ற கிராமம். நாம்தாரி சீக்கியர்களின் தலைமையிடம் அது. வெள்ளைத் தலைப்பாகையோடு ஹாக்கி ஆடுவதற்குப் பேர் போனவர்கள் இப்போது கால்பந்துக்கும் ஓர் அணி வைத்திருக்கிறார்கள். தெற்கே ஹைதராபாத்தில் ஸ்ரீநிதி டெக்கான், பெங்களூரில் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, கோழிக்கோட்டில் கோகுலம். ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் யுனைடெட். கோவாவில் சர்ச்சிலும், 2016இல் ஐ-லீகை விட்டு வெளியேறி அந்த ஆண்டுதான் திரும்பி வந்த டெம்போவும்.

மீதி இரண்டு அணிகளில்தான் வேடிக்கை. டெல்லி எஃப்.சி. என்று பெயர், உள்ளூர் ஆட்டங்களை ஆடியதோ பஞ்சாபின் மகில்பூரில். இன்டர் காசி என்றால் வாரணாசி என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர்களுடைய உள்ளூர் மைதானம் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில், கல்யாணியில். வாரணாசியிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல். கங்கைக் கரையில் ஐ-லீக் நடத்தத் தகுந்த மைதானம் அப்போது இல்லை என்பதால் இந்த ஏற்பாடு. காசிக்காரர் ஒருவர் தன் ஊர் அணியின் ‘உள்ளூர்’ ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ராத்திரி ரயில் ஏற வேண்டும்.

இந்த வரைபடத்தில் தமிழ்நாட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

அணிகளின் பணப்பையும் ஒரே அளவு இல்லை. இன்டர் காசி 2023இல் தொடங்கப்பட்ட கிளப். கீழ் லீகுகளில் ஆடி ஏறி வந்த அணி இல்லை. முதலீட்டாளர்களிடம் விண்ணப்பம் வாங்கி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கொடுத்த நேரடி நுழைவில் வந்தது. பயிற்சியாளராக அந்தோனியோ லோபஸ் ஹபாஸை அமர்த்தினார்கள். கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு 2014இலும் 2020இலும் ஐ.எஸ்.எல். கோப்பையும், 2024இல் மோகன் பகானுக்கு லீக் ஷீல்டும் வாங்கிக் கொடுத்த ஸ்பெயின்காரர். இரண்டாம் தர லீகுக்கு இது ஆடம்பரமான நியமனம். எதிர்முனையில் சர்ச்சில் பிரதர்ஸ், கோவாவின் முன்னாள் முதல்வர் சர்ச்சில் அலெமாவோ குடும்பத்தின் கிளப். வீட்டுப் பெயரையே அணிக்கு வைத்தவர்கள். இவர்களுக்கும் சம்மேளனத்துக்கும் முன்பே பல சண்டை உண்டு.

காசியோடு அதே ஆண்டில், அதே நேரடி நுழைவு வழியில் உள்ளே வந்த இன்னொரு அணி நாம்தாரி. இந்த இருவருக்கும் 2025 ஜனவரி 13 அன்று நடந்த ஆட்டம்தான் எல்லா வினைக்கும் வித்து.

ஆட்டத்தில் நாம்தாரி 2-0 என்று ஜெயித்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாம்தாரியின் பிரேசில் வீரர் ஒருவர் அன்று களத்தில் இருந்திருக்கவே கூடாது என்று காசி புகார் கொடுத்தது. முந்தைய ஆட்டங்களில் வாங்கிய மஞ்சள் அட்டைகள் சேர்ந்து, விதிப்படி அவர் அந்த ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார வேண்டியவர் என்பது வாதம். தகுதியில்லாத வீரரை இறக்கினால் ஆட்டம் 3-0 என்று எதிரணிக்குப் போகும். இது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. எந்த வீரரிடம் எத்தனை அட்டை என்பது லீக் அலுவலகத்தில் இருக்கும் ஒரு கணக்கு. பத்து நிமிட வேலை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.

பிப்ரவரியில் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு காசிக்கு மூன்று புள்ளிகளைக் கொடுத்தது. நாம்தாரி மேல்முறையீடு செய்தது. மார்ச் இறுதியில் மேல்முறையீட்டுக் குழு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. ஆக, ஏப்ரல் 6 அன்று நான்கு அணிகளும் இறங்கியபோது பட்டியலில் நாம்தாரிக்கு மூன்று புள்ளி இருந்தது, காசிக்கு இல்லை. ஆனால் அது நிரந்தரமா என்று யாருக்கும் தெரியாது. சர்ச்சில் வீரர்கள் ஸ்ரீநகரில் டிரா செய்துவிட்டுக் கொண்டாடினார்கள். காசி வீரர்கள் கல்யாணியில் ஜெயித்துவிட்டுக் கொண்டாடினார்கள். ஒரே கோப்பைக்கு இரண்டு ஊரில் கொண்டாட்டம். வழக்கு காசிக்குச் சாதகமானால் 42 புள்ளி, இல்லையென்றால் 39.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் நடந்த ஆட்டத்தின் முடிவு ஏப்ரலில் லீக் முடியும்போதும் முடிவாகாமல் கிடந்தது என்பதுதான் இந்தக் கதையின் உண்மையான குற்றம். எந்தப் பக்கம் தீர்ப்பு வந்திருந்தாலும் அது இரண்டே வாரத்தில் வந்திருக்க வேண்டும். கடைசி வாரங்களில் ஒரு பயிற்சியாளர் எப்படி ஆட வேண்டும் என்று முடிவு செய்வதே பட்டியலைப் பார்த்துத்தான். டிரா போதுமா, துணிந்து அடிக்க வேண்டுமா, மஞ்சள் அட்டை உள்ளவரை இன்று உட்கார வைக்கலாமா என்ற கணக்கெல்லாம் அதில்தான் தொங்குகிறது. பட்டியலே உத்தேசம் என்றால் இந்தக் கணக்குகளும் உத்தேசம்தான். நான்கு அணி மோதிய அந்த அருமையான கடைசி நாள், சரியாகச் சொன்னால், நான்கு அணிகளும் எதற்காக ஆடுகிறோம் என்று முழுசாகத் தெரியாமல் ஆடிய நாள்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மேல்முறையீட்டுக் குழு நாம்தாரியின் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. உடனே சம்மேளனம் சர்ச்சில் பிரதர்ஸை சாம்பியன் என்று அறிவித்தது. காசி விடவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது.

1984இல் அமைக்கப்பட்ட அந்த நீதிமன்றத்தின் பெயர் ஊக்கமருந்து வழக்குகளில்தான் நம் செய்தித்தாள்களில் அடிபடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு கிராம் எடையால் பதக்கத்தை இழந்த வினேஷ் போகத்தின் முறையீட்டை விசாரித்ததும் அதுவே. உள்நாட்டுக் கால்பந்துக் குழுக்கள் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகு, கிளப்புகள் போகக்கூடிய கடைசிப் படி அது. கட்டணம் சுவிஸ் பிராங்கில். வழக்கறிஞர்களும் அதற்கேற்ற விலையில். ஸ்டேடியமே சொந்தமாக இல்லாத ஓர் இரண்டாம் தர லீக் கிளப், ஓர் ஆட்டத்தின் மூன்று புள்ளிக்காக அங்கே போய் நின்றது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் இறுதியில் இன்னொரு கூத்து. விசாரணை முடியும்வரை யாரையும் சாம்பியனாக்கிப் பரிசளிப்பு விழா நடத்தக் கூடாது என்று லோசானிலிருந்து இடைக்காலத் தடை வந்தது. அது வந்த சூட்டோடு பார்த்தால், கோவாவில் விழா நடந்து கோப்பை சர்ச்சிலின் கைக்குப் போயிருந்தது. தடை முந்தியதா விழா முந்தியதா என்று அதற்கும் ஒரு சர்ச்சை.

ஜூனில், முதல் வழக்கில் காசி ஜெயித்தது. நாம்தாரி ஆட்டத்தின் மூன்று புள்ளி அவர்களுக்கே. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அதற்குள் இரண்டாவது வழக்கு முளைத்திருந்தது. இந்த முறை காசி குற்றவாளிக் கூண்டில்.

ஐ-லீக் அணி வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஒருவரை நீக்கி இன்னொருவரைப் பதிவு செய்வதற்கும் விதிகள் உண்டு. காசியின் ஸ்பெயின் வீரர் மரியோ பார்கோவுக்குக் காயம் பட்டதால் அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்தார்கள். பிறகு சீசனின் பிற்பாதியில் பார்கோவைத் திரும்பப் பதிவு செய்து ஆட வைத்தார்கள். நீக்கிய வீரரையே அதே சீசனில் மறுபடி சேர்த்தது விதிமீறல் என்று சர்ச்சில், நாம்தாரி, ரியல் காஷ்மீர் மூன்றும் முறையிட்டன. சம்மேளனத்தின் குழு இதை ஏற்றது. பார்கோ ஆடிய ஆட்டங்களின் புள்ளிகளே கைவிட்டுப் போகும் நிலை. ஆனால் அந்தப் பதிவுக்கு அனுமதி கொடுத்ததே சம்மேளனத்தின் பதிவு முறைதானே என்பது காசியின் கேள்வி.

நியாயமான கேள்விதான். பதிவு அலுவலகம் சீட்டுக் கொடுத்து உள்ளே விட்ட பிறகு, சீட்டே செல்லாது என்று வேறொரு மேஜை சொன்னால் கிளப் என்ன செய்யும்? ஜூலை 18 அன்று லோசான் நீதிமன்றம் இந்த வழக்கிலும் காசியின் பக்கம் நின்றது. இன்டர் காசி 42, சர்ச்சில் பிரதர்ஸ் 40. 2024-25 ஐ-லீக் சாம்பியன் யார் என்பது அன்றுதான் முடிவானது.

இரண்டு வழக்கிலும் சம்மேளனத்துக்குள் வந்த இறுதி முடிவு வெளியே போய்க் கவிழ்ந்தது என்பது கவனிக்க வேண்டியது. சர்ச்சில் ரசிகர்களின் ஆத்திரமும் புரிகிறது. ஏப்ரலில் சம்மேளனமே அறிவித்த சாம்பியன் பட்டம், அது கையில் கொடுத்த கோப்பை, எல்லாம் மூன்று மாதத்தில் செல்லாமல் போனது. அவர்களுடைய வீரர்கள் இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஸ்ரீநகரில் கடைசி விசில் ஊதும்வரை ஆடி ஒரு புள்ளியோடு வந்தவர்கள் அவர்கள்.

வழக்குச் செய்திகளுக்கு நடுவே ஆட்டம் காணாமல் போனதுதான் பெரிய நஷ்டம். ஸ்ரீநிதி டெக்கானின் கொலம்பிய வீரர் டேவிட் காஸ்தனேதா அந்த சீசனில் கோலாகக் குவித்தார். எத்தனை பேர் பார்த்தார்கள்? ஒளிபரப்பின் தரம் குறித்து அணிகளே சீசன் நடுவில் சம்மேளனத்திடம் முறையிட்டன. ஒரு கிளப்புக்கு ஜெர்சியில் விளம்பரம் கொடுக்கிறவர் முதலில் கேட்பது டிவியில் தெரியுமா என்பதுதான். ஒளிபரப்பு மங்கினால் விளம்பரம் குறையும். விளம்பரம் குறைந்தால் அடுத்த ஆண்டு நல்ல வீரர் வரமாட்டார். இரண்டாம் தர லீகின் வறுமை பல நேரம் இந்த வழியில்தான் வருகிறது.

இனி தமிழ்நாட்டுக் கணக்கு.

2018-19இல் இதே ஐ-லீகை ஒரு தமிழ்நாட்டு அணி வென்றது. சென்னை சிட்டி என்று பெயர். ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஐ.எஸ்.எல்லோடு ஐ-லீகும் சரிசமமாக நின்ற கடைசி ஆண்டுகள் அவை. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், ரொபேர்தோ எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து வந்த நான்கு வீரர்கள். யாருக்கும் இந்தியாவில் பெயர் கிடையாது. பந்தைக் கீழேயே வைத்துக் குட்டிக் குட்டிப் பாஸாகக் கொடுத்து ஆடும் பாணி. மான்சி 21 கோல் போட்டார். எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற நம் பிள்ளைகள் அந்த அணியில் முக்கிய இடத்தில் ஆடினார்கள்.

அந்த சீசனுக்கும் கடைசி நாள் படபடப்பு உண்டு. 2019 மார்ச் 9. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடுகிறது. சென்னை சிட்டி கோவையில் மினர்வா பஞ்சாபோடு. சென்னை வழுக்கினால் ஈஸ்ட் பெங்காலுக்குக் கோப்பை. ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடமே மினர்வா கோல் அடித்துவிட்டது. இடைவேளைவரை அதே நிலை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதற்குப் பிறகு கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார், இரண்டாவது ஆட்டத்தின் கடைசி மூச்சில். போரா தடுப்பாட்டக்காரர், அன்றைக்கு அவர்தான் முன்கள வீரர் மாதிரி நின்று அடித்தார். 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்திருந்தது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. அன்று மாலையே கோவையில் கோப்பையைத் தூக்கினார்கள்.

அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கிளப்பான பாசெல், சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனி ஏறுமுகம்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொரோனா வந்தது. வெளிநாட்டு வீரர்கள் போனார்கள். 2020-21 சீசன்தான் சென்னை சிட்டி கடைசியாக ஆடிய ஐ-லீக். அடுத்த சீசனுக்கான கிளப் உரிமம் கிடைக்கவில்லை. ஊதியம், இளையோர் அணி, மைதானம், கணக்கு வழக்கு எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டினால்தான் அந்த உரிமம் கிடைக்கும். இரண்டே ஆண்டில் சாம்பியன் அணி பட்டியலிலேயே இல்லை. ஐ.எஸ்.எல்லில் சென்னையின் எஃப்.சி. இருப்பதால் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு ஒரு முகம் இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படியில் கோவையிலோ மதுரையிலோ தூத்துக்குடியிலோ ஒரு பையன் பார்த்து வளர ஐ-லீக் அணி எதுவும் 2024-25இல் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் கோகுலம் இருக்கிறது. இரண்டு முறை தொடர்ந்து ஐ-லீகை வென்ற அணி அது. மூன்றாவது கோப்பை ஆசையோடுதான் அன்று அந்த 3-4 ஆட்டத்தை ஆடியது.

காசிக்குத் திரும்பலாம். லோசான் தீர்ப்பு வந்தது ஜூலை 18. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூலை 11 அன்று, ஐ.எஸ்.எல்லை நடத்தும் நிறுவனம் வரும் சீசனை நிறுத்தி வைப்பதாகக் கிளப்புகளுக்குத் தெரிவித்திருந்தது. சம்மேளனத்தோடு அது செய்துகொண்ட உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிகிறது; புதுப்பிப்பதா இல்லையா என்று தெரியாமல் லீக்கைத் தொடங்க முடியாது என்றது. சீட்டுக்காக ஆறு மாதம் வழக்காடி வாங்கி வந்தவர்கள், ரயிலே ஓடவில்லை என்ற அறிவிப்பைப் பிளாட்பாரத்தில் படித்தார்கள்.

அந்த மாதங்களில் மேலே இருந்தவர்களின் பாடும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பல கிளப்புகள் பயிற்சியை நிறுத்தின. சில இடங்களில் வீரர்களின் ஊதியம் நின்றது. புதிதாக யாராவது லீகை நடத்த வருவார்களா என்று சம்மேளனம் டெண்டர் விட்டது. ஒருவரும் விலை கேட்க வரவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. ஐ-லீகில் ஒரு மஞ்சள் அட்டைக் கணக்கைப் பார்த்துச் சொல்ல ஆன தாமதத்தையும், உச்ச லீகின் ஒப்பந்தம் முடியும் தேதி பல ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் கடைசி நேரம்வரை விட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே அலுவலகப் பழக்கத்தின் பிள்ளைகள் என்று சொல்லத் தோன்றுகிறது. மைதானத்தில் தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிவு சொல்லும் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஒரு ஃபைலைப் புரட்ட மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் மத்திய விளையாட்டு அமைச்சகம் தலையிட்டு, 2026 ஜனவரியில் ஐ.எஸ்.எல். நடக்கும் என்று அறிவித்தது. பிப்ரவரி 14 அன்று குறுகிய சீசனாக அது தொடங்கியது. 14 அணிகள், அவற்றில் ஐ-லீகிலிருந்து ஏறி வந்த புதிய அணி இன்டர் காசி. 2024-25 ஐ-லீகிலிருந்து டெல்லி எஃப்.சி.யும் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூருவும் மூன்றாம் தரத்துக்கு இறங்கின. அதில் பெங்களூரு அணி, முந்தைய ஆண்டுதான் மூன்றாம் தரத்தின் சாம்பியனாக டெம்போவோடு சேர்ந்து மேலே வந்திருந்தது.